உங்கள் நேரமா, எங்கள் நேரமா?

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இருக்கும் குட்லாண்டுக்குக் குடிவந்த மூன்றாவது வாரம். மகனுக்குப் பல்வலி. பக்கத்துக் கவுண்டி ஊரான கோல்பியில் ஒரு பல் மருத்துவரிடம் காலை பத்து மணிக்கு நேரம் வாங்கியிருந்தேன். முப்பத்தைந்து மைல் தூரம், வளைவே இல்லாமல் கிழக்கே ஓடும் 70ஆம் எண் நெடுஞ்சாலை. ஒன்பதேகாலுக்குக் கிளம்பி, பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வாசலில் நின்றேன். உள்ளே சுவர்க் கடிகாரம் பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. வரவேற்பறைப் பெண் என்னைப் பார்த்ததும், "குட்லாண்டிலிருந்து வருகிறீர்களா?" என்றுதான் கேட்டார். அடுத்த நேரம் பத்து நாள் கழித்துத்தான் கிடைத்தது. பத்து நாளும் பிள்ளை ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டான்.

கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றது. கான்சாஸ் மாநிலத்தில் 105 கவுண்டிகள் இருக்கின்றன. மேற்கே கொலராடோ மாநில எல்லையை ஒட்டிய, குட்லாண்ட் இருக்கும் ஷெர்மன், அதோடு வாலஸ், கிரீலி, ஹாமில்டன் ஆகிய நான்கு மட்டும் மலை நேரத்தில் இயங்குகின்றன. மற்றவை எல்லாம் மத்திய நேரம், நமக்கு ஒரு மணி முன்னால். எல்லையில் இருக்கும் கவுண்டி எல்லாமே மலை நேரம் என்றும் நினைத்துவிடக் கூடாது. வடக்கே பக்கத்துக் கவுண்டியான ஷையனும் கொலராடோவைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே மத்திய நேரம். ஆகவே இந்த ஊரில் யாரிடம் நேரம் வாங்கினாலும், "உங்கள் நேரமா, எங்கள் நேரமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொலைபேசியை வைக்க வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்தவர்களும் கேட்கிறார்கள்.

என் கணவர் மருத்துவர். ஜே-1 விசாவில் வந்து அமெரிக்காவில் பயிற்சி முடிக்கும் அயல்நாட்டு மருத்துவர்கள் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் போய் இருந்துவிட்டு வர வேண்டும் என்பது விதி. மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று ஆண்டு வேலை செய்ய ஒப்புக்கொண்டால் அதிலிருந்து விலக்குக் கிடைக்கும். ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு 30 பேரை இதற்குப் பரிந்துரைக்கலாம். அப்படித்தான் 2022 ஆகஸ்டில் மிச்சிகனிலிருந்து இங்கே வந்தோம். இதே வழியில் சமவெளி மாநிலங்களின் சிற்றூர்களுக்கு வந்துகொண்டிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. வருவதற்கு முன் எனக்கு யாரும் சொல்லாதவற்றை அவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

ஊரில் ஏறத்தாழ 4,500 பேர். ஷெர்மன் கவுண்டியின் தலைநகர் இதுதான். நான் மன்னார்குடிப் பக்கத்தில் வளர்ந்தவள், சமவெளி எனக்குப் புதிதில்லை. ஆனால் இது கிட்டத்தட்ட ஏலகிரி உயரத்தில் விரித்துப்போட்ட சமவெளி, கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல். தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும். குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விடுகிறேன். மழை ஆண்டுக்கு 500 மில்லிமீட்டரை ஒட்டித்தான். டெல்டாவில் பெய்வதில் பாதிகூட இல்லை. நிலத்தடியில் இருக்கும் ஒகலாலா நீர்ப்படுகையிலிருந்து இறைத்துத்தான் மக்காச்சோளம் விளைகிறது. இறைக்கும் அளவுக்கு அது ஊறுவதில்லை, மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. கிணறு வற்றுவதைப் பற்றி இங்குள்ள விவசாயிகள் பேசும்போது, மேட்டூர் திறக்காத ஆண்டுகளில் என் தாத்தா முகத்தில் பார்த்த அதே கவலையைப் பார்க்கிறேன்.

வந்தவுடன் முதலில் போக வேண்டிய இடம் நீதிமன்றக் கட்டடம். பெயர்தான் நீதிமன்றம். நம் ஊர்த் தாலுகா அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம், கருவூலம், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஆகியவற்றின் வேலைகளும் அந்த ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. நிலப்பத்திரம் பதிவதும், சொத்து வரி கட்டுவதும், வாக்காளர் பட்டியல் பார்ப்பதும், கல்யாண உரிமம் வாங்குவதும் இங்கேதான். இந்தக் கட்டடம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் பிழைத்துக்கொள்ளும் என்பது அந்தக் காலத்திலேயே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. 1880களில் இந்தக் கவுண்டியின் தலைநகர் யூஸ்டிஸ் என்ற ஊர். 1887 தேர்தலில் குட்லாண்ட் வென்றது. யூஸ்டிஸ் விட்டுக்கொடுக்கவில்லை. 1888 தொடக்கத்தில் குட்லாண்ட் ஆட்கள் துப்பாக்கியோடு போய் ஆவணங்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதே ஆண்டில் ரயிலும் குட்லாண்டுக்கு வந்தது. யூஸ்டிஸ் என்ற ஊர் இன்று இல்லை. குதிரை வண்டியில் போய்த் திரும்ப ஒரு நாள் ஆகும் நாட்டில், ஆவணங்கள் எந்த அறையில் இருக்கின்றன என்பது ஓர் ஊரின் உயிர்ப் பிரச்சினையாக இருந்திருக்கிறது.

எங்களுக்கு அங்கே இருந்த வேலை, இரண்டு கார்களைப் பதிவுசெய்வது. வேறு மாநிலத்தில் பதிவான வண்டி என்றால் முதலில் சேசிஸ் எண்ணைச் சோதித்துச் சீட்டு வாங்க வேண்டும். அது வேறு இடத்தில், வேறு நேரத்தில் நடக்கும். சீட்டு இல்லாமல் போய் ஒருமுறை திரும்பி வந்தேன். முதல் நாளே தொலைபேசியில் கேட்டு, காப்பீட்டுத் தாள், பழைய ஆர்.சி., சேசிஸ் சோதனைச் சீட்டு மூன்றையும் ஒரே உறையில் எடுத்துக்கொண்டு போங்கள். பதிவுக் கட்டணத்தோடு வண்டிக்கான சொத்து வரியும் சேர்த்து வாங்குவார்கள். மிச்சிகனில் கட்டிய தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் கையிலிருக்கும் பணம் போதாது.

இன்னொன்று, நம் பெயர்களுக்கே உரியது. கான்சாஸில் கார்ப் பதிவை ஆண்டுதோறும் எந்த மாதம் புதுப்பிக்க வேண்டும் என்பதைக் குடும்பப் பெயரின் முதலெழுத்து முடிவுசெய்கிறது. பாஸ்போர்ட்டில் என் கணவருக்குக் குடும்பப் பெயராக இருப்பது அவருடைய அப்பாவின் பெயர், 'எம்'மில் தொடங்குவது. அதற்கு ஆகஸ்டு. எனக்குக் குடும்பப் பெயர் கணவரின் பெயர், 'எஸ்' எழுத்து. அதற்கு அக்டோபர். ஒரே வீட்டில் இரண்டு கார், இரண்டு மாதம். நாள்காட்டியில் இரண்டையும் குறித்துவையுங்கள். கவுன்டரில் இருந்த பெண்மணி, கணவன் மனைவிக்கு எப்படி வேறு வேறு பெயர் என்று அக்கறையோடு கேட்டார். நம் பெயர் வைக்கும் முறையை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். முழுதாகப் படித்துவிட்டு, மடித்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

கொலராடோவின் டென்வர் நகரம் இருநூறு மைல், மூன்று மணி நேரம். இந்திய மளிகை அங்கேதான். ஆறு வாரத்துக்கு ஒருமுறை போகிறோம். கோயில், மளிகை, ஒரு வேளை சாப்பாடு, திரும்புதல் என்று நாள் முழுதும் போய்விடும். வீட்டில் தனி ஃப்ரீசர் இல்லாமல் இந்த வாழ்க்கை நடக்காது. கறிவேப்பிலையை உருவி, கழுவி, ஈரம் போக உலர்த்தி, சிறு பொட்டலங்களாகப் போட்டு உறையவைத்தால் இரண்டு மாதம் தாங்கும். குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்க ஓவனின் விளக்கை மட்டும் போட்டு இரவு முழுதும் உள்ளே வைக்கிறேன். ஃப்ரீசரும் அரிசி மூட்டையும் நிலவறையில் இருக்கின்றன. சூறாவளிச் சங்கு ஒலித்தால் நாங்கள் இறங்கி உட்காரும் இடமும் அதுதான். அங்கே ஒரு டார்ச், தண்ணீர், பழைய செருப்புகள் எப்போதும் இருக்கும். கண்ணாடி உடைந்த தரையில் வெறுங்காலோடு மேலேறி வர முடியாது என்று செருப்பு வைக்கச் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

அவர் எழுபதைக் கடந்த விவசாயி. கோதுமை லாரியும் ஓட்டியவர். என் மகன் அவரைத் தாத்தா என்றே கூப்பிடுகிறான், அவரும் அந்தத் தமிழ்ச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கிறார். எனக்கு இந்த நாட்டில் கிடைத்த மிக முக்கியமான பாடம் அவர் சொன்னது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2024 வசந்தத்தில் ஒரு நாள், கோல்பியிலிருந்து தனியாக வந்துகொண்டிருந்தேன். காற்று பலமாக அடித்தது, வானம் நீலமாகத்தான் இருந்தது. பயிர் இல்லாமல் போட்டிருந்த ஒரு வயலைத் தாண்டும்போது சாலைக்குக் குறுக்கே பழுப்புநிறச் சுவர் எழுந்தது. உள்ளே நுழைந்த பிறகுதான் அது புழுதி என்று புரிந்தது. என் காரின் முன்மூடிகூடத் தெரியவில்லை. சாலையோரத்தில் ஒதுங்கி, பிரேக்கை அழுத்திக்கொண்டு, அபாய விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு லாரி போன அதிர்வு இருக்கையில் தெரிந்தது. லாரி தெரியவில்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் தெளிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தபோது பற்களுக்கிடையில் மண் நறநறத்தது.

பெரியவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "விளக்குப் போட்டிருந்தாயா?" என்றார். ஆமாம் என்றேன். என்னைத் தன் காருக்கு அழைத்துக்கொண்டு போய், ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். புழுதி வருவது தெரிந்தால் உள்ளே போகாதே, முன்னாலேயே வெளிவழியில் இறங்கிவிடு. மாட்டிக்கொண்டால் தார்ச்சாலையை விட்டு எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகு. நின்றதும் எல்லா விளக்கையும் அணைத்துவிடு. கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, பிரேக் மிதியிலிருந்து காலை எடு, இல்லாவிட்டால் பின்விளக்கு எரியும். சீட் பெல்ட்டைக் கழற்றாதே. கண் தெரியாமல் பின்னால் வருகிறவன் உன் சிவப்பு விளக்கைப் பார்த்ததும், முன்னால் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கேதான் சாலை என்று நினைத்து உன்னை நோக்கியே வருவான். மூன்று முறை செய்துகாட்டச் சொன்னார். செய்தேன். தேசிய வானிலைச் சேவை சொல்வதும் இதேதான்.

2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை. எங்கள் கவுண்டியில் அதே 70ஆம் எண் நெடுஞ்சாலையில் புழுதிப் புயலில் 71 வாகனங்கள் மோதிக்கொண்டன. 8 பேர் இறந்துபோனார்கள். அன்று காற்றைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கை இருந்ததால் டென்வர் பயணத்தைத் தள்ளிப்போட்டிருந்தோம். பிற்பகலில் தெருவின் எதிர்வரிசை வீடுகள் மறைந்தன. ஜன்னலின் உள்பக்க விளிம்பில் விரலால் எழுதும் அளவுக்கு மண் படிந்தது. என் கணவர் வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிட்டது. வந்தவர் எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. சாப்பாட்டைச் சூடாக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சாலையில் போனவர்களில் பலருக்கும் இந்த ஊரின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. எங்கிருந்தோ எங்கேயோ போய்க்கொண்டிருந்தவர்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும், விளக்கை அணைப்பதையும் பிரேக்கிலிருந்து காலை எடுப்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பனிப்புயலில் விதி வேறு. மாட்டிக்கொண்டால் காரை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. பனி மூடிய புகைக்குழாயைச் சுத்தம் செய்துவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இன்ஜினை ஓடவிட்டு, ஒரு ஜன்னலைச் சற்றே திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டும். எங்கள் கார்களில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை இரண்டு கம்பளி, மண்வாரி, டார்ச், பொட்டுக்கடலை ஒரு டப்பா இருக்கும். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கவிடுவதில்லை.

புதிதாக வருபவர்களுக்குப் புரியாத ஒன்று உண்டு. குட்லாண்டில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், நெடுஞ்சாலைக் கதவை இறக்கி மேற்கே போகவிடாமல் மூடியிருப்பார்கள். கொலராடோப் பக்கம் சாலை மூடியிருந்தால், இங்கிருந்து போகவிட்ட வண்டிகளுக்கு அங்கே தங்க இடம் இருக்காது, அதனால்தான் இந்த ஏற்பாடு. அப்போது கைபேசி வரைபடம் வயல்வெளி மண்சாலை வழியாக ஒரு சுற்றுவழி காட்டும். அதில் போகவே போகாதீர்கள். நெடுஞ்சாலையை மூடும் அளவுக்குப் பனி இருக்கும்போது மண்சாலையைத் தள்ளிச் சுத்தம் செய்ய யாரும் வந்திருக்க மாட்டார்கள். கிளம்பும் முன் சாலை நிலவரம் காட்டும் மாநில அரசின் கான்டிரைவ் தளத்தைப் பார்ப்பது எங்கள் வீட்டில் செருப்பு மாட்டுவதுபோல் ஆகிவிட்டது. தேசிய வானிலைச் சேவையின் அலுவலகமும் ரேடாரும் இந்த ஊரிலேயே இருக்கின்றன. கோபுரத்தின் மேல் வைத்த பெரிய வெள்ளைப் பந்து போன்ற அந்தக் கூண்டைக் கடக்கும்போதெல்லாம் என் மகன் கையசைக்கிறான்.

மருத்துவத்தைப் பற்றி: இப்படிப்பட்ட ஊர் மருத்துவமனைகளில் பெரும்பாலும் 25 படுக்கைக்கு மேல் இராது. சிறப்பு மருத்துவர்கள் வெளியூரிலிருந்து குறிப்பிட்ட நாளில் வந்துபோவார்கள். உங்களுக்குத் தேவையானவர் எந்த நாளில் வருகிறார் என்று வந்த மாதமே கேட்டுவையுங்கள். இதய நோயோ சிக்கலான கர்ப்பமோ இருந்தால், எந்த நகரத்துக்கு அனுப்புவார்கள், எப்படி அனுப்புவார்கள் என்பதை நல்ல உடம்பாக இருக்கும்போதே பேசி முடிவுசெய்துகொள்வது நல்லது.

அம்மா ஆரம்பத்தில் தினமும் கேட்பாள்: "அக்கம்பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா அம்மா? ஒரு அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவாய்?" இப்போது கேட்பதில்லை. தெருவில் எதிரே வரும் ஒவ்வொரு பிக்கப் ஓட்டுநரும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார், தெரிந்தவரோ தெரியாதவரோ. பதிலுக்கு நீங்களும் உயர்த்த வேண்டும். ஜூன் கடைசியிலிருந்து கோதுமை அறுவடை, அப்போது குழாய் ரிப்பேருக்கும் ஆள் கிடைக்க மாட்டார், கூரை வேலைக்கும் ஆள் கிடைக்க மாட்டார். எல்லாரும் வயலில் இருப்பார்கள், அல்லது தானியக் கோபுரத்தின் முன் லாரி வரிசையில் நிற்பார்கள். வீட்டு வேலை எதுவானாலும் மே மாதத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வருபவர்கள் பார்த்துவிட்டுப் போவது, 80 அடி உயரத் தாங்கியில் நிற்கும் வான்கோவின் சூரியகாந்தி ஓவியப் பிரதியை. 2001இல் வைத்தது. இந்தப் பக்கம் சூரியகாந்தி விளையும் மண் என்பதால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

முதல் ஆண்டு நான் போட்ட கத்தரிச் செடிகளை ஆலங்கட்டி மழை ஐந்து நிமிடத்தில் குச்சியாக்கிவிட்டது. பெரியவர் வந்து பார்த்துவிட்டு, மறுநாள் கோழிக் கூண்டுக் கம்பிவலை ஒரு சுருள் கொண்டுவந்தார். அதை வளைத்துச் செடிகளுக்குமேல் கூடாரமாகக் கட்டினோம். மார்ச்சில் வீட்டுக்குள் விதை போட்டு, மே மாத நடுவில் உறைபனி நின்ற பிறகு வெளியே நட வேண்டும். மேற்குப் பக்கம் காற்றுக்குத் தடுப்பு அவசியம். 2024 கோடையில் நம் ஊர் வரிக்கத்தரி கொத்துக்கொத்தாகக் காய்த்தது. ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் கண்காட்சிக்குக் கொண்டுபோகச் சொன்னதும் அவர்தான். பெரிய காய்களாகப் பொறுக்கி எடுத்துவைத்திருந்தேன். அவர் தட்டிலிருந்து இரண்டை எடுத்து ஓரமாக வைத்தார். "பெரிதாக இருப்பதைவிட ஒன்றுபோல் இருப்பதைத்தான் நடுவர் பார்ப்பார்" என்றார். சமையலறை மேசையில் முப்பது காயைப் பரப்பி, காம்பு வாடாதவையாக, வரி ஒரே மாதிரி ஓடுபவையாகத் தேடித் தேடி எடுத்தோம். இரண்டாம் பரிசு, சிவப்பு நாடா. தட்டைச் சுற்றி நின்றவர்கள் இந்தக் காயை எப்படிச் சமைப்பது என்று கேட்க, எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பை நின்ற இடத்திலேயே விளக்கினேன். இருவர் வீட்டுக்கே வந்து கற்றுக்கொண்டார்கள். அவசரத்துக்குக் கூப்பிட எனக்கு எண்கள் கிடைத்தது அப்படித்தான்.

2025 ஆகஸ்டோடு மூன்று ஆண்டு ஒப்பந்தம் முடிந்தது. டென்வரில் வேலைக்கு அழைப்பு இருந்தது, கோயிலும் மளிகையும் தமிழ்ப் பள்ளியும் பத்து நிமிடத் தொலைவில் இருக்கும் வாழ்க்கை. மூன்று வாரம் பேசினோம். "நாம் போனால் இவர்களுக்கு அடுத்த ஆள் வர எத்தனை மாதமாகும்?" என்று ஒருநாள் இரவு நான் கேட்டேன். என் கணவர் அதே கேள்வியை எத்தனையோ நாளாக மனத்தில் வைத்திருந்திருக்கிறார். இரண்டு ஆண்டு நீட்டித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மகன் ஞாயிறுதோறும் இணைய வழியில் தமிழ் படிக்கிறான்.

அக்டோபரில் என் காரின் பதிவைப் புதுப்பிக்க நீதிமன்றக் கட்டடத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் வரிசையில் ஒரு பிலிப்பைன்ஸ் செவிலியர், வந்து ஒரு வாரம்தான் ஆகிறது, கையில் வேறு மாநிலத்து ஆர்.சி. சேசிஸ் சோதனைச் சீட்டு இல்லை. கவுன்டர் பெண்மணி என்னைப் பார்த்தார். நான் என் வேலையை முடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணோடு கிளம்பினேன். காரில் ஏறியதும் அவள் கைபேசியை எடுத்து, நாளை கோல்பியில் ஒருவரைப் பார்க்க மூன்று மணிக்கு நேரம் வாங்கியிருப்பதாகச் சொன்னாள்.

"எந்த ஊர் மூன்று மணி?" என்று கேட்டேன்.